இரண்டு ஸ்டேஜ் கேஸ் பர்னர்: பாய்லர் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் வட்டாரத்தில் பர்னர் சர்வீஸ் பார்க்கிறேன். அண்டி (முந்திரி) ஆபீஸ், ரப்பர் கையுறைக் கம்பெனி, ஆஸ்பத்திரி லாண்டரி, கன்னியாகுமரி லாட்ஜ் என்று விறகும் அண்டித்தோடும் எரித்துக்கொண்டிருந்த பல இடங்களுக்கு எல்பிஜி பர்னர் வந்துவிட்டது. பர்னரோடு சேர்ந்து சந்தேகங்களும் வந்தன. போனில் ஒரே கேள்வியைப் பத்துப் பேருக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலிலேயே ஒன்று. இதைப் படித்துவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பர்னர் முன்னால் உட்கார வேண்டாம். அளவுக் கருவியும் பயிற்சியும் உள்ளவர் செய்கிற வேலை இது. அவர் சரியாகச் செய்கிறாரா என்று நீங்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பக்கம். உங்கள் பர்னரின் கையேட்டில் வேறு அளவு போட்டிருந்தால் கையேடு சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ரெண்டு ஸ்டேஜ்னா உள்ள ரெண்டு பர்னரா சார் இருக்கு?

இல்லை. பர்னர் ஒன்றுதான், ஃபேனும் ஒன்றுதான். கேஸுக்கும் காற்றுக்கும் இரண்டு நிலைகள் வைத்திருக்கிறார்கள். முதல் ஸ்டேஜில் கேஸ் வால்வு பாதி அளவு திறக்கும், காற்று வழியைத் திறந்து மூடும் தகடான டேம்பரும் அதற்கேற்ற அளவில் நிற்கும். இதை லோ என்கிறோம். ஸ்டீம் தேவை கூடினால் டேம்பர் மேலும் விரிந்து, இரண்டாவது வால்வு நிலையும் திறந்து ஹைக்குப் போகும். டேம்பரைத் திருப்புவது ஒரு சின்ன செர்வோ மோட்டார். அது எங்கெங்கே நிற்க வேண்டும் என்பதை அதற்குள் இருக்கும் கேம்கள் (திருப்பி வைக்கும் சின்ன வில்லைகள்) தீர்மானிக்கின்றன.

ஒத்த ஸ்டேஜ் பர்னர் வெல கம்மியா கிடைக்கே. அது போதாதா?

சின்ன பாய்லருக்கு, நாள் முழுக்க ஒரே அளவு ஸ்டீம் இழுக்கிற இடத்துக்குப் போதும். ஆனால் நம் ஊர் ஆலைகளில் இழுவை அப்படி இருப்பதில்லை. அண்டி அவிக்கும்போது ஒரேயடியாக இழுக்கும், இறக்கி ஏற்றும் இடைவெளியில் ஒன்றும் இருக்காது. ஒற்றை ஸ்டேஜ் பர்னர் அப்போது அணைந்து அணைந்து எரியும். ஒவ்வொரு தொடக்கத்திலும் ஃபேன் குளிர்ந்த காற்றைச் சூடான பாய்லருக்குள் ஊதித் தள்ளுவதால், காசு கொடுத்து ஏற்றிய சூடு புகைபோக்கி வழியாகப் போய்விடும். லோ என்ற நிலை இருந்தால் பர்னர் அணையாமல் தாக்குப்பிடிக்கும்.

சுவிட்ச் போட்டா உடனே பத்த மாட்டேங்கு. அரை நிமிஷம் வெறும் காத்துல்லா ஊதுது?

அந்த வெறும் காற்றுதான் உங்கள் உயிருக்குக் காவல். போன தடவை நின்றபோது கொஞ்சம் கேஸ் கசிந்து உள்ளே தங்கியிருந்தால் அதை அடித்து வெளியேற்றுகிற வேலை அது. ஸ்டீம் பிரஷர் இறங்கியதும் கன்ட்ரோலர் ஃபேனை ஓட்டும், டேம்பரை ஹை அளவுக்கு விரிக்கும், காற்று வருகிறதா என்று ஏர் பிரஷர் சுவிட்சிடம் கேட்கும். வருகிறது என்றால் அரை நிமிஷம் போல ஊதும். பெரிய உள்ளறை உள்ள பாய்லருக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும்.

அப்புறம் டேம்பர் சுருங்கிப் பற்றவைக்கும் நிலைக்கு வரும், ஸ்பார்க் அடிக்கும், முதல் வால்வு திறக்கும். இரண்டு மூன்று விநாடிக்குள் தீ பிடித்ததை, தீயை உணரும் கம்பியான ஃபிளேம் ராடு சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் வால்வு மூடி லாக்அவுட், அதாவது கையால் ரீசெட் பண்ணும்வரை பர்னர் பூட்டிக்கொண்டு நிற்கும். சொன்னால் சில விநாடி லோவில் நிதானித்துவிட்டு ஹைக்கு அனுமதி கொடுக்கும். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பர்னர் எந்தக் கட்டத்தில் நின்றது என்று போனில் சொன்னாலே கோளாறில் பாதி பிடிபட்டுவிடும்.

எங்க பாய்லருக்கு மணிக்கு எத்தன கிலோ கேஸ் போகணும்? கணக்கு உண்டா?

உண்டு. பாய்லரின் பெயர்ப் பட்டையில் மணிக்கு 500 கிலோ ஸ்டீம் என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் 100 டிகிரி நீரை 100 டிகிரி ஸ்டீமாக்கும் அளவு. ஒரு கிலோவுக்கு 540 கிலோ கலோரி. ஆக 500 × 540 = 2,70,000. பாய்லர் திறன் 88 சதவீதம் என்று வைத்தால் உள்ளே கொடுக்க வேண்டியது சுமார் 3,07,000 கிலோ கலோரி. எல்பிஜியின் நிகர வெப்பம் கிலோவுக்கு ஏறக்குறைய 11,000. வகுத்தால் மணிக்கு 28 கிலோ. கிலோவாட்டில் சொன்னால் 357.

இது ஹை அளவு. லோவை இதில் பாதி, 14 கிலோ சுற்றுவட்டத்தில் வைப்போம். இந்த எண்ணைப் பர்னர் வருவதற்கு முன்பே காகிதத்தில் எழுதிவிடுங்கள். இது தெரியாமல் செட் பண்ண ஆரம்பிப்பவர் காதால் கேட்டுத்தான் செட் பண்ணுகிறார் என்று அர்த்தம்.

மதியத்துக்கு மேல சிலிண்டர்ல ஐஸ் புடிக்கு, பர்னர் நின்னு போவுது. பர்னர் கம்ப்ளெய்ண்டா?

பர்னரில் குறை இல்லை, சிலிண்டர் போதவில்லை. சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும் எல்பிஜி வாயுவாக மாற வெளிச்சூட்டை இழுத்துக்கொள்கிறது. தொடர்ச்சியாக ஓட்டினால் ஒரு 47.5 கிலோ சிலிண்டர் மணிக்கு ஒன்று, ஒன்றரை கிலோதான் தாங்கும். 28 கிலோ வேண்டுமென்றால் இருபதுக்கு மேல் சிலிண்டர் ஒரே நேரத்தில் திறந்திருக்க வேண்டும். எட்டு சிலிண்டரை வைத்துக்கொண்டு இழுத்தால் பனி பூக்கும், பிரஷர் இறங்கும், குறைந்த கேஸ் பிரஷர் சுவிட்ச் பர்னரை நிறுத்தும்.

வழி இரண்டு. சிலிண்டர் எண்ணிக்கையைக் கூட்டலாம். இல்லாவிட்டால் திரவமாகவே எடுக்கும் சிலிண்டர் வைத்து, அதைச் சூடாக்கி வாயுவாக்கும் வேப்பரைசர் போடலாம். சிலிண்டர் மேல் வெந்நீர் ஊற்றுவதும் ஈரச் சாக்கு போர்த்துவதும் வழி ஆகாது. அடியில் அடுப்பு வைத்த ஆளையும் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அங்கே நான் பர்னரைத் தொடவில்லை, வண்டியைத் திருப்பிவிட்டேன்.

மொத தடவ பத்த வைக்குததுக்கு முன்னாடி என்னெல்லாம் பாக்கணும்?

தீ வைப்பதற்கு முந்தின இரண்டு மணி நேரம்தான் கமிஷனிங்கில், அதாவது பர்னரை முதல் தடவை ஓட்டிச் செட் பண்ணுவதில், பெரிய வேலை. முதலில் அறை. எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். நம் பாய்லர் அறைகளில் பாய்லரின் அழுக்குத் தண்ணீரை இறக்கும் ப்ளோ டவுன் குழி, வடிகால், கேபிள் போகும் வாய்க்கால் எல்லாம் உண்டு. காற்றோட்டத் திறப்பு தரையோடு இருக்க வேண்டும். கேஸ் டிடெக்டரும் தரையை ஒட்டித்தான் இருக்க வேண்டும், உத்தரத்தில் மாட்டி ஒரு பயனும் இல்லை. இரண்டு சதவீதம் அளவுக்குக் காற்றில் கலந்தாலே எல்பிஜி பற்றிக்கொள்ளும்.

அடுத்து கேஸ் லைன். முதலில் நைட்ரஜனோ காற்றோ ஏற்றி அடைத்து, பிரஷர் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் கேஸ் விட்டு ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிற பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது, அப்படிப்பட்டவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். லைனில் இருக்கும் காற்றை ஒரு குழாய் மாட்டித் திறந்தவெளிக்கு விட வேண்டும். பாய்லர் உள்ளறைக்குள் விடவே கூடாது. விடும்போது பக்கத்தில் வெல்டிங், பீடி, ஓடுகிற மோட்டார் சைக்கிள் எதுவும் ஆகாது.

மூன்றாவது, கேஸ் இல்லாத வெள்ளோட்டம். கைவால்வை மூடி வைத்தால் குறைந்த கேஸ் பிரஷர் சுவிட்ச் பர்னரைத் தொடங்கவே விடக் கூடாது. விட்டால் அந்தச் சுவிட்ச் வேலை செய்யவில்லை. பிறகு மின்சாரத்தை நிறுத்தி, கேஸ் வால்வைத் திறக்கும் சோலினாய்டு காயிலின் இணைப்பைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்போம். ஊதுவது, டேம்பர் நகர்வது, ஸ்பார்க், கடைசியில் லாக்அவுட் என்று மேலே சொன்ன வரிசை நேரம் தவறாமல் வர வேண்டும். பாய்லர் பக்கத்தில் தண்ணீர் மட்டம், ஃபீட் பம்ப், சேஃப்டி வால்வு ஆகியவற்றைப் பார்த்தாக வேண்டும். மட்டம் குறைந்தால் பர்னரை நிறுத்தும் கட் ஆஃபை, தண்ணீரை உண்மையிலேயே இறக்கிப் பார்த்துச் சோதிக்க வேண்டும். வயரைக் கழற்றிப் பார்த்தேன் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

செட்டிங்ல மொதல்ல லோவா, ஹையா?

பற்றவைக்கும் அளவு முதலில், அப்புறம் ஹை, அதற்குப் பிறகு லோ, கடைசியில் இரண்டுக்கும் நடுவே உள்ள மாற்றம். கவர்னர் (கேஸ் பிரஷரைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர்) பிரஷரையும் மொத்தக் கேஸையும் ஹைதான் தீர்மானிக்கிறது. லோவை முதலில் அழகாக வைத்துவிட்டு ஹைக்காகக் கவர்னரைத் தொட்டால் லோ கலைந்துவிடும், திரும்பவும் முதலிலிருந்து வர வேண்டும்.

பற்றவைக்கும் அளவுக்கு ஒரு வரம்பு உண்டு. 120 கிலோவாட்டுக்கு மேற்பட்ட பர்னர்கள் முழு அளவில் பற்றக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. நம்மிடம் வரும் பர்னர்கள் பெரும்பாலும் அந்த விதிப்படி செய்தவைதான். கேஸ் திறந்ததிலிருந்து தீ பிடித்ததை ராடு சொல்ல விடும் பாதுகாப்பு நேரம் 2 விநாடி என்றால் முழு அளவில் பாதி, 3 விநாடி என்றால் மூன்றில் ஒரு பங்கு. மேலே சொன்ன 357 கிலோவாட் பர்னர் 3 விநாடிக் கணக்கில் 119 கிலோவாட்டுக்குள், அதாவது மணிக்கு 9 கிலோ வேகத்துக்குள் பற்ற வேண்டும். பற்றும்போது பாய்லர் கதவு அதிர்ந்தால் இந்த அளவைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

தீ நீலமா நிக்குது, சத்தமும் சீரா இருக்கு. இருபது வருஷ அனுபவத்துல சொல்லுதேன், இது சரியான செட்டிங் ஆக்கும்.

இது கேள்வியே இல்லை, ஆனால் அதிகம் கேட்டது இதுதான். அண்ணாச்சி, விறகு அடுப்பில் உங்கள் கண்ணை நம்பலாம். கேஸில் முடியாது. நீலமாக எரியும்போதே கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) போவதை நான் அளந்திருக்கிறேன். எல்பிஜி ஹையில் நுனி கொஞ்சம் மஞ்சளாக இருந்தும் மோனாக்சைடு ஏறக்குறைய பூஜ்யமாக இருந்ததையும் அளந்திருக்கிறேன். மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகைபோக்கியில் துளையிட்டு, புகையை அளக்கும் அனலைசரின் குழலை நுழைக்காமல் கமிஷனிங் முடிந்தது என்று யாரும் கையெழுத்துப் போடக் கூடாது.

அனலைசர் கொண்டு வந்து ஏதேதோ நம்பர் காட்டுதாவ. எத பாக்கணும்?

மூன்றைப் பாருங்கள். புகையில் மிஞ்சும் ஆக்சிஜன், ஹையில் 3.5 முதல் 4.5 சதவீதம் வரை. லோவில் கொஞ்சம் கூடி 5, 5.5 இருந்தாலும் பரவாயில்லை. மோனாக்சைடு 100 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும், நல்ல செட்டிங்கில் 20, 30 தாண்டாது. மூன்றாவது புகை வெப்பம். 7 கிலோ பிரஷரில் ஸ்டீம் 170 டிகிரி இருக்கும், புகை அதைவிட 50, 60 டிகிரி கூடுதலாக இருப்பது இயல்பு. 22 டிகிரி கூடினால் ஏறக்குறைய ஒரு சதவீத எரிபொருள் வீண் என்று கணக்கு. செட்டிங் மாறாமல் புகை வெப்பம் மாதாமாதம் ஏறினால் பாய்லர் குழாயில் உப்போ கரியோ படிகிறது. அதற்குப் பர்னரைத் திருகாதீர்கள்.

இன்னொரு சின்னத் தந்திரம். எல்பிஜிக்கு ஆக்சிஜன் 4 என்றால் கார்பன் டை ஆக்சைடு 11 பக்கம் காட்ட வேண்டும். 9.5 காட்டினால் அனலைசரில் எரிபொருளை இயற்கை எரிவாயு என்று தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார். அப்போது அவர் அச்சடித்துத் தரும் திறன் சதவீதமும் தப்பு.

ஆக்சிஜன 2-க்குக் கொண்டுவந்தா கேஸ் நெறைய மிச்சம்னு ஒருத்தர் சொன்னாரே?

எவ்வளவு மிச்சம் என்று அவரிடம் கேட்டீர்களா? புகை 220 டிகிரி, அறைக்காற்று 30 டிகிரி என்று வைத்து எல்பிஜிக்குக் கணக்குப் போட்டால், ஆக்சிஜன் 4-இல் புகையோடு போகும் இழப்பு 8.6 சதவீதம், 2-இல் 7.8 சதவீதம். வித்தியாசம் முக்கால் சதவீதம். நம் 28 கிலோ பர்னரில் அது மணிக்கு 200 கிராம்.

இந்த 200 கிராமுக்கு என்ன பணயம் வைக்கிறோம் என்று பாருங்கள். ஃபேன் எப்போதும் ஒரே கொள்ளளவு காற்றைத்தான் தள்ளும், எடையைத் தள்ளாது. ஆனி ஆடிச் சாரலில் காலை 24 டிகிரியில் செட் பண்ணிய பர்னர், பங்குனி மதியம் பாய்லர் அறை 42 டிகிரி இருக்கும்போது ஏறக்குறைய 6 சதவீதம் குறைவான காற்றை வாங்கும். காலையில் 4 இருந்த ஆக்சிஜன் தானாகவே 3-க்கு வந்துவிடும். 4-லிருந்து 3 என்றால் பிழைத்துக்கொள்ளலாம். 2-லிருந்து இறங்கினால் ஒரு சதவீதத்துக்கும் கீழே, மோனாக்சைடு ஆயிரக்கணக்கில் ஏறும், கரி பிடிக்கும். கரி பிடித்தால் புகை வெப்பம் ஏறி அந்த 200 கிராமையும் தின்றுவிடும். அதனால் செட் பண்ணும் நேரத்தில் அறை வெப்பம் என்ன என்பதையும் நான் எழுதி வைப்பேன்.

மீட்டர் இல்ல. கேஸ் அளவ எப்படி சரிபார்க்கது?

மீட்டர் போடுங்கள் என்பதுதான் என் பதில். அதுவரை, வேப்பரைசர் வழியாக ஒரே பெரிய சிலிண்டரிலிருந்து இழுக்கிற இடத்தில் அதைத் தராசில் ஏற்றி, ஹையில் 6 நிமிஷம் ஓடவிட்டு எடை பார்க்கலாம். 2.8 கிலோ குறைந்தால் மணிக்கு 28. ஹோஸ் விறைப்பாக இழுத்துக்கொண்டு இருந்தால் எடை தப்பாகக் காட்டும்.

மீட்டர் இருந்தால் அது காட்டும் கன மீட்டரை அப்படியே எடுக்கக் கூடாது. நம் ஊர் வெப்பத்தில் கேஸ் விரிந்திருக்கும். 30 டிகிரிக்கு 0.9-ஆல் பெருக்க வேண்டும், மீட்டர் நிற்கும் இடத்தில் 100 மில்லிபார் பிரஷர் இருந்தால் 1.1-ஆலும் பெருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய சமனாகிவிடுகிறது என்பது தற்செயல்தான். 30 மில்லிபாரில் ஓடும் லைனுக்கு அப்படிச் சமனாகாது.

லோலேருந்து ஹைக்குப் போகும்போது 'டும்'னு ஒரு சத்தம். பழகிப்போச்சு, விட்டுரலாமா?

விடாதீர்கள். டேம்பர் நகர்ந்துகொண்டிருக்கும்போது எந்த இடத்தில் இரண்டாவது ஸ்டேஜ் கேஸ் திறக்க வேண்டும் என்று செர்வோவில் ஒரு தனி கேம் உண்டு. அது சீக்கிரம் திறந்துவிட்டால் காற்று வருவதற்கு முன் கேஸ் வந்து குவியும், ஒரு கணம் மூச்சுத் திணறிவிட்டு 'டும்' என்று பிடிக்கும். தாமதமாகத் திறந்தால் லோ கேஸுக்கு ஹை காற்று அடித்து, தீ பர்னர் தலையிலிருந்து தூக்கிக்கொண்டு துடிக்கும், சில நேரம் அணையும். அனலைசர் மெதுவாகத்தான் காட்டும் என்பதால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் காதையும் பார்வைக் கண்ணாடியையும் நான் நம்புகிறேன். பத்துத் தடவையாவது லோ, ஹை, லோ என்று மாற்றிப் பார்க்க வேண்டும். இறங்கும்போதும் பாருங்கள், ஏற்றத்தில் நன்றாக இருப்பது இறக்கத்தில் முரண்டு பிடிக்கும்.

ஏர் பிரஷர் சுவிட்ச், கேஸ் பிரஷர் சுவிட்ச் இதெல்லாம் எதுல வைக்கது? அடிக்கடி கட் ஆனா ஷார்ட் பண்ணி ஓட்டலாமா?

இரண்டாவது பாதிக்கு முதலில் பதில்: கூடாது, ஒரு நிமிஷம்கூட.

ஏர் சுவிட்சை லோவில் ஓடும்போது மெதுவாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். பர்னர் நின்ற இடத்தைக் குறித்து, அதிலிருந்து 20 சதவீதம் இறக்கி வைக்க வேண்டும். அத்தோடு விட்டுவிடக் கூடாது. காற்றை மெல்ல அடைத்துக்கொண்டே போனால், மோனாக்சைடு 10,000 பிபிஎம்மைத் தொடுவதற்குள் சுவிட்ச் பர்னரை நிறுத்த வேண்டும். குறைந்த கேஸ் பிரஷர் சுவிட்சை ஹையில் ஓடும்போது இதே போல ஏற்றி, நிற்கும் இடத்திலிருந்து கொஞ்சம் இறக்கி வைப்போம். இரண்டையும் செட்டிங்கின் கடைசியில் செய்ய வேண்டும், கவர்னரைத் தொட்டால் மறுபடியும் செய்ய வேண்டும்.

கேஸ் சுவிட்ச் அடிக்கடி கட் பண்ணினால் அது தன் வேலையைச் செய்கிறது. ஃபில்டர் அடைப்பு, சிலிண்டர் பனி, சின்ன ரெகுலேட்டர் இவற்றைத் தேடுங்கள்.

கரண்ட் போய் ஜெனரேட்டர்ல ஓடும்போது மட்டும் லாக்அவுட் ஆகுது. ஈபி வந்தா சரியாயிருது. பேய் புடிச்சிருக்கா?

எனக்கே மிகவும் பிடித்த கேள்வி. ஃபிளேம் ராடு தீயைக் கண்டுபிடிக்கும் விதம் இது: ராடிலிருந்து தீ வழியாகச் சில மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டம் பர்னர் உடம்புக்குப் போய், எர்த் வழியாக நியூட்ரலுக்குத் திரும்ப வேண்டும். ஈபி சப்ளையில் நியூட்ரல் எர்த்தோடு இணைந்திருக்கும். நம் ஊரில் பல சின்ன ஜெனரேட்டர்களில் நியூட்ரலை எர்த் பண்ணாமல் தொங்கவிட்டிருப்பார்கள். சுற்று முழுமை அடையாது, தீ ஜம்மென்று எரிந்தாலும் கன்ட்ரோலருக்குத் தெரியாது, லாக்அவுட். எலக்ட்ரீஷியனை வைத்து ஜெனரேட்டர் நியூட்ரலை முறைப்படி எர்த் பண்ணுங்கள். ஃபேஸும் நியூட்ரலும் மாறி மாட்டியிருந்தாலும் இதே கூத்துதான்.

ஒரு ஆலையில் இதற்காக மூன்று கன்ட்ரோலர் பெட்டி மாற்றியிருந்தார்கள். எர்த் வயர் ஒன்றில் தீர்ந்தது. கமிஷனிங்கின்போது ஃபிளேம் கரண்டை ஈபியிலும் ஜெனரேட்டரிலும் தனித்தனியாக அளந்து எழுதச் சொல்லுங்கள். கையேடு சொல்லும் குறைந்த அளவைவிட நன்றாக மேலே இருக்க வேண்டும்.

ரீசெட் பட்டன எத்தன தடவ அமுக்கலாம்?

ஒரு தடவை. அதுவும் தண்ணீர் மட்டத்தையும் கேஸ் வாசனையையும் பார்த்துவிட்டு. இரண்டாவது தடவையும் நின்றால் கைவால்வை மூடிவிட்டுப் போன் பண்ணுங்கள்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், மணிக்கு 9 கிலோ வேகத்தில் 3 விநாடி திறந்தால் உள்ளே போவது ஏழெட்டு கிராம் எல்பிஜிதான். ஆனால் அது காற்றில் கலந்து வெடிக்கக்கூடிய கலவையானால் 200 லிட்டர், ஒரு டீசல் டிரம் நிறைய. எல்லாம் ஒழுங்காக இருந்தால் அடுத்த ஊதலில் அது வெளியேறிவிடும். வால்வு லேசாகக் கசிந்தாலோ, யாராவது ஏர் சுவிட்சை ஷார்ட் பண்ணியிருந்தாலோ, புகைபோக்கி அடைத்திருந்தாலோ ஒவ்வொரு அமுக்கலும் ஒரு டிரம்மைச் சேர்க்கிறது. எத்தனையாவது தடவை ஸ்பார்க் பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஷார்ட் பண்ணுவதற்கு மேலே கறாராகச் சொன்னதன் காரணமும் இதுதான்.

நாங்க ஆரல்வாய்மொழி பக்கம். காத்து காலத்துல மட்டும் தீ அணையுது, என்ன செய்ய?

கணவாய்க் காற்றைப் பற்றி முப்பந்தல் காற்றாலைக்காரர்களிடம் கேட்டால் பெருமையாகச் சொல்வார்கள். பர்னருக்கு அது தொந்தரவு. புகைபோக்கி உச்சியில் காற்று உள்ளே அழுத்தும், அல்லது அறைச் சன்னல் வழியாக மோதி ஏர் பிரஷரை ஆட்டும். புகைபோக்கியின் உயரம் பக்கத்துக் கூரையைத் தாண்டியிருக்கிறதா, தொப்பி சரியானதா என்று பாருங்கள். டிராஃப்டை (புகைபோக்கியின் இழுப்பை) காற்றடிக்கும் நாளில் அளக்க வேண்டும், அமைதியான நாளில் அளந்து ஒன்றும் தெரியாது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். காற்றுக்குப் பயந்து, அறைக்குக் காற்று வரும் லூவரைத் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள். நம் உதாரணப் பர்னருக்கு மணிக்கு 450 கன மீட்டருக்கு மேல் காற்று வேண்டும். மூடினால் மேலே சொன்ன மோனாக்சைடு கதைதான். காற்று நேராக மோதாத சுவரில் திறப்பை மாற்றுங்கள், அல்லது முன்னால் ஒரு தடுப்புச் சுவர் எழுப்புங்கள்.

கொளச்சல், முட்டம் கடற்கரை ஓரமா இருந்தா வேற ஏதும் உண்டா?

உப்புக் காற்றில் செர்வோவின் தண்டு, டேம்பர் இணைப்பு, எர்த் போல்ட், ஸ்பார்க் வயர் முனை எல்லாம் சீக்கிரம் துரு பூக்கும். டேம்பர் இறுகினால் கேம் சரியாக இருந்தும் காற்று தப்பாக வரும். மற்ற இடத்தில் வருஷம் ஒரு தடவை என்றால் இங்கே ஆறு மாதத்துக்கு ஒரு தடவை.

ஸ்டீம் பிரஷர் சுவிட்ச் ரெண்டு இருக்கு. எத எதுல வைக்க?

ஹைக்கு அனுப்பும் சுவிட்சின் எண், பர்னரை நிறுத்தும் சுவிட்சின் எண்ணுக்குக் கீழே நிற்க வேண்டும். 7 கிலோவில் ஓடும் பாய்லருக்கு நான் வைப்பது: ஹை 6.2-இல் சேரும், 6.8-இல் விலகும். பர்னர் 7.2-இல் நிற்கும், 6.4-இல் மறுபடி தொடங்கும். அப்போதுதான் இழுவை குறையும்போது முதலில் லோவுக்கு இறங்கி நிதானிக்கும். இரண்டையும் ஒரே எண்ணில் வைத்தால் ஹையிலிருந்து நேராக அணையும், இரண்டு ஸ்டேஜுக்குக் கொடுத்த காசு வீண். இந்த இரண்டுக்கும் மேலே, கையால் ரீசெட் பண்ணும் தனிப் பாதுகாப்புச் சுவிட்ச் ஒன்று இருக்க வேண்டும். சேஃப்டி வால்வு அதற்கும் மேலே.

பாய்லர் இன்ஸ்பெக்டர் பாத்து சர்டிபிகேட் குடுத்தாச்சு. பர்னருக்கும் அது போதும்லா?

இல்லை. 1923-ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்குப் பதிலாக வந்த 2025-ஆம் ஆண்டு பாய்லர் சட்டமும் முதன்மையாகப் பாய்லர் உடம்பு பிரஷரைத் தாங்குமா என்று பார்ப்பவை. 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவு, ஒரு கிலோவுக்குக் குறைந்த பிரஷர், 100 டிகிரிக்குக் கீழே சூடாகும் தண்ணீர் இவை அந்த வரையறைக்குள் வராது. பர்னரின் மோனாக்சைடை அந்தச் சான்றிதழ் சொல்லாது. வரையறைக்குள் வராத வெந்நீர் பாய்லர் என்பதால் கேஸ் ஆபத்து குறைந்துவிடுவதும் இல்லை. எல்பிஜியை 100 கிலோவுக்கு மேல் சேர்த்து வைத்தால் பெசோ (மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) உரிமம் தனி.

பிற்பாடு குழாய் கேஸ் வந்தா இதே பர்னர ஓட்டலாமா?

பர்னர் உடம்பை வைத்துக்கொள்ளலாம், செட்டிங்கை வைத்துக்கொள்ள முடியாது. இயற்கை எரிவாயுவின் ஒரு கன மீட்டரில் எல்பிஜியின் மூன்றில் ஒரு பங்கு போலத்தான் சூடு இருக்கும். அதனால் தலையில் உள்ள கேஸ் துளைகள், கவர்னர், சில நேரம் வால்வும் சுவிட்சும் கோத்த கேஸ் டிரெய்னே மாறும். கம்பெனியின் மாற்று கிட் இருந்தால் மட்டும் செய்யுங்கள், துளையைப் பெரிதாக டிரில் பண்ணுகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். டிடெக்டரும் இடம் மாற வேண்டும். இயற்கை எரிவாயு காற்றைவிட லேசு, அது உத்தரத்துக்கு ஏறும்.

வேலை முடிச்சிட்டு "எல்லாம் ஓகே"ன்னு சொல்லிட்டு போறாவ. என்ன பேப்பர் கேக்கணும்?

ஒரே தாள் போதும். லோவுக்கும் ஹைக்கும் தனித்தனியாகக் கேஸ் அளவு, கேஸ் பிரஷர், ஆக்சிஜன், மோனாக்சைடு, புகை வெப்பம், அறை வெப்பம். கேம்கள் நிற்கும் டிகிரி. சுவிட்சுகள் நிற்கும் எண். ஃபிளேம் கரண்ட். ஓடும்போது ராடு வயரைப் பிடுங்கியதும் எத்தனை விநாடியில் பர்னர் நின்றது என்பதும் அதில் இருக்க வேண்டும், அந்தச் சோதனையை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். அனலைசர் அச்சடித்த சீட்டை நகல் எடுத்துச் சேர்த்து வையுங்கள், அந்த எழுத்து நாளாக ஆக மங்கிப்போகும். தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பாய்லர் அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். அடுத்த தடவை நான் வந்தாலும் வேறொருவர் வந்தாலும், முதலில் பார்ப்பது அதைத்தான்.